ஹிப்போ நகரத்து ஞானஸ்நானத் தொட்டி

வட ஆப்பிரிக்காவிலே, மத்தியதரைக் கடலின் தென்கரையில், இன்று அல்ஜீரியா என்று வழங்கும் தேசத்தில், அன்னாபா என்றொரு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. செய்பூஸ் நதி கடலை அடையும் சமவெளியில், அப்பட்டினத்தின் புறத்தேயுள்ள ஒரு குன்றின் அடிவாரத்தில், புல் மண்டிய கற்பாதைகளும் முறிந்த தூண்களும் நிறம் மங்கிய சித்திரத் தளங்களும் பரந்து கிடக்கின்றன. பினீஷிய வணிகர்கள் கப்பல் நிறுத்திய காலந்தொட்டு விளங்கி, நூமிடிய மன்னர்களின் வாசஸ்தலமாக இருந்தமையால் ‘அரசருடைய ஹிப்போ’ என்று பெயர் பெற்று, பின்னர் உரோமர் ஆட்சியிலே தானியக் கப்பல்களால் செழித்த ஹிப்போ ரெஜியஸ் நகரத்தின் மிச்சம் அதுவே. அவ்விடிபாடுகளின் நடுவே ஒரு பெரிய ஆலயத்தின் அடித்தளமும், அதையொட்டி ஞானஸ்நானத் தொட்டி அமைந்த ஒரு மண்டபமும் காணப்படுகின்றன.

நல்லவராகிய கடவுள் படைத்த உலகத்திலே தீமை எங்கிருந்து வந்தது என்னும் பழைய வினாவுக்கும், வறண்டு கிடக்கும் ஒரு கல் தொட்டிக்கும் என்ன சம்பந்தமென்று வாசகர் கேட்கலாம். மனிதனுடைய சுயாதீன சித்தமே தீமைக்குக் காரணம், கடவுள் அல்லர் என்பது கிறிஸ்தவ வேதசாஸ்திரிகள் அவ்வினாவுக்குச் சொல்லிய பிரசித்தமான விடை. அந்த விடையை மிகுந்த வன்மையோடு எடுத்துரைத்தவர், இந்நகரத்தில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் மேற்றிராணியாராக வீற்றிருந்த அர்ச். அகுஸ்தீனார். அந்த விடையை அவர் கையிலேயே உலுக்கிப் பார்த்ததோ, வாதம் அறியாத, இன்னும் பேசவும் தெரியாத, தொட்டியருகே தாயின் தோளில் அழுத பச்சைக் குழந்தை.

நாலாம் நூற்றாண்டிலே, கிறிஸ்தவக் குடும்பங்களிற் பலவும் தங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. ஞானஸ்நானம் அதற்கு முன் செய்த பாவங்கள் அனைத்தையும் கழுவுமென்பதும், அதற்குப் பின் செய்யும் பாவத்துக்குப் பரிகாரம் கடினமென்பதும் அக்காலத்து நம்பிக்கையாதலால், வாலிபத்தின் கொந்தளிப்பு அடங்கட்டுமென்று அதை ஒத்திப்போடுவது வழக்கமாக இருந்தது. சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 337-ஆம் ஆண்டிலே மரணப் படுக்கையில் கிடந்தபோதுதான் அதைப் பெற்றார். மிலான் நகரத்து அம்புரோசியார், 374-இல் ஜனங்கள் அவரை மேற்றிராணியாராகத் தெரிந்துகொண்ட நாளிலும் ஞானஸ்நானம் பெறாதவராகவே இருந்தார். 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-இல் ஹிப்போவுக்குத் தெற்கே தகாஸ்தே என்னும் சிற்றூரிற் பிறந்த அகுஸ்தீனாரும், சிறுவயதில் வயிற்றுநோவினால் உயிருக்கு மன்றாடியபோது ஞானஸ்நானம் வேண்டுமென்று கேட்டார்; பக்தியிற் சிறந்த தாயார் மோனிக்கம்மாள் அதற்கு விரைந்து ஏற்பாடு செய்தும், நோய் நீங்கிவிடவே சடங்கும் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்ததைக் குறித்துப் பிற்காலத்தில் அவர் மனத்தாங்கலோடு எழுதினார்.

கார்த்தேஜ் மாநகரில் அலங்கார சாஸ்திரம் பயின்ற அந்த இளைஞரை, பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் ஒரு நூல் ஞானத்தின்மேல் தாகங்கொள்ளச் செய்தது. தாகங்கொண்டவரை, பாரசீகத்தில் மூன்றாம் நூற்றாண்டிலே தோன்றிய மானி என்பவரின் மதத்தார் தம்மிடம் இழுத்துக்கொண்டனர். ஒளி என்றும் இருள் என்றும் அநாதியான இரண்டு தத்துவங்கள் உண்டு. இருள் ஒளியைத் தாக்கியதால் உண்டானதே இவ்வுலகம். மனிதன் செய்யும் பாவம் அவன் செய்வதன்று, அவனுள் சிக்கிய இருளின் செயல் என்பது அவர்கள் போதனை. கடவுள்மேல் பழி விழாமல் தீமைக்கு ஓர் இருப்பிடம் காட்டியதும், தன்மேலும் பழி விழாமல் தப்ப ஒரு வழி கொடுத்ததும் அவருக்கு இதமாயிருந்தன போலும். ஒன்பது ஆண்டுகள் அவர் அவர்களுடைய சீஷராக இருந்தார். அவர்களுடைய புகழ்பெற்ற ஆசிரியரான பவுஸ்து என்பவர் கார்த்தேஜுக்கு வந்தபோது, சொல்லினிமை உண்டே தவிரத் தம் சந்தேகங்களைத் தீர்க்கும் கல்வி அவரிடம் இல்லையென்று கண்டு, 383-இல் மனம் வெறுத்து உரோமாபுரிக்குக் கப்பலேறினார்.

மிலானிலே அம்புரோசியாரின் பிரசங்கங்களும், பிளேட்டோவின் வழிவந்தோருடைய நூல்களும், தீமை என்பது தனியான ஒரு பொருளன்று, நன்மையின் குறைவே, ஒளியில்லாமை இருளாவது போல என்னும் எண்ணத்தை அவருக்குக் கொடுத்தன. 387-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளிரவில் ஞானஸ்நானம் பெற்று, அவ்வாண்டிலேயே ஒஸ்தியாத் துறையில் தாயை அடக்கம் செய்துவிட்டு, அடுத்த ஆண்டளவில் உரோமாபுரியிலே தங்கியிருந்தபோது, தம் ஊராராகிய எவோதியுஸ் என்னும் நண்பரோடு உரையாடும் பாவனையில் ஒரு நூலைத் தொடங்கினார். சுயாதீன சித்தத்தைப் பற்றிய மூன்று புத்தகங்களாக ஹிப்போவில் பின்னர் முடிவுற்ற அந்நூல், கடவுள் தீமைக்குக் கர்த்தாவாவாரோ என்று எவோதியுஸ் கேட்கும் கேள்வியோடு ஆரம்பிக்கிறது. நன்மையைத் தெரிந்துகொள்ளும் சித்தம் கடவுள் தந்த ஈவு. அச்சித்தம் மாறாத நன்மையை விட்டு மாறும் நன்மைகளின்மேல் திரும்புவதே பாவம். அந்தத் திருப்பத்துக்குச் சித்தமே காரணமாதலால் அதற்கு அப்பால் காரணம் தேடுவது வீண். தண்டனையாகிய துன்பமோ நீதியே என்று அகுஸ்தீனார் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு போகிறார்.

391-ஆம் ஆண்டிலே, நண்பரொருவரைக் காணவேண்டி ஹிப்போவுக்கு வந்தவரை, ஆலயத்திலே கூடியிருந்த ஜனங்கள் பிடித்து நிறுத்தி, அவர் கண்ணீர் விட்டும் கேளாமல் குருப்பட்டம் பெறச் செய்தார்கள். கிரேக்கரான முதிய மேற்றிராணியார் வலேரியுசுக்கு லத்தீனிற் பிரசங்கிப்பது சிரமமாயிருந்ததனால் அவ்வேலையும் இவர் தலையில் விழுந்தது. மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சோசியுஸின் ஸ்நானமண்டபத்திலே, நகரத்தார் திரண்டு நிற்க, மானி மதத்துக் குருவும் தம் பழைய பரிச்சயக்காரருமான பொர்த்துனாத் என்பவரோடு இரண்டு நாள் தர்க்கம் செய்தார். எழுத்தர்கள் வார்த்தைக்கு வார்த்தை குறித்துக்கொண்டார்கள். சித்தம் சுயாதீனமானது என்ற வாள்வீச்சுக்கு முன் விடையற்ற பொர்த்துனாத், பெரியவர்களைக் கலந்து வருவதாகச் சொல்லி ஊரைவிட்டுப் போனவர் திரும்பவில்லை.

ஆனால் அந்தத் தர்க்கத்திலே பொர்த்துனாத் ஒரு வெட்டுக் காயம் விட்டுத்தான் போனார். நான் விரும்பும் நன்மையைச் செய்யாமல், வெறுக்கும் தீமையையே செய்கிறேனே என்று கதறும் அர்ச். சின்னப்பர் ரோமருக்கு எழுதிய நிருபத்தை அவர் எடுத்துக்காட்டி, சித்தம் அத்தனை சுயாதீனமானால் இக்கதறல் ஏன் என்று கேட்டார். அதற்குப் பின் சில ஆண்டுகள் அகுஸ்தீனார் அந்நிருபத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். மேற்றிராணியாரான புதிதில், ஏறத்தாழ 396-இல், மிலானிலிருந்த சிம்பிளிசியானுக்கு மறுமொழி எழுதியபோது, சுயாதீன சித்தத்தின் பக்கமே நின்று போராடியும் தேவ இஷ்டப்பிரசாதமே வென்றுவிட்டதென்று அவர் உணர்ந்தார். பிற்காலத்தில் அப்படியே ஒப்புக்கொள்ளவும் செய்தார். விரும்புவதற்கும் வலிமை வேண்டும், அவ்வலிமையும் இரவலே என்பது அதன் சாரம். அதையடுத்து எழுதிய தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலிலே, பதினாறு வயதில் நண்பர்களோடு அயலான் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடிப் பன்றிகளுக்கு எறிந்த சிறு சம்பவத்தை விஸ்தாரமாக ஆராய்கிறார். பசிக்காகவுமன்று, ருசிக்காகவுமன்று, திருட்டின் இன்பத்துக்காகவே திருடினதைக் கண்டு, தம் சித்தமே தமக்குப் புதிராய் நிற்பதைச் சொல்கிறார்.

அதே நூலிலே, கடவுள் கட்டளையிடுவதை நிறைவேற்றும் சக்தியையும் அவரே தந்தருளவேண்டுமென்று பொருள்படும் ஒரு வேண்டுதல் வருகிறது. உரோமாபுரியிலே ஒரு மேற்றிராணியார் அதை எடுத்துச் சொல்லக் கேட்டு, பிரித்தானியத் தீவினின்று வந்திருந்த பெலாகியுஸ் என்னும் துறவி பொறுக்கமாட்டாமற் கொதித்தெழுந்தார். பெலாகியுஸ் துஷ்டரல்லர், பிரபுக்களின் குடும்பங்களிலே நெறி தவறாத வாழ்க்கையைப் போதித்து நற்பெயர் பெற்றவர். சக்தியும் கடவுள் தந்தால்தான் வருமென்றால் சோம்பேறிக்கு வேறு சாக்கு வேண்டுமோ என்பது அவர் கவலை. 410-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-இல் அலாரிக்கின் கோத் படைகள் உரோமாபுரியைச் சூறையாடியபோது, கப்பல் கப்பலாக ஆப்பிரிக்கக் கரைக்கு ஓடிவந்த அகதிகளோடு அவரும் வந்து ஹிப்போத் துறையிலேயே இறங்கினார். அகுஸ்தீனார் அப்போது ஊரிலில்லை. பிறகு பெலாகியுஸ் பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டார். தாம் எழுதிய நூலொன்றிலே அவர், தம் கட்சிக்கு ஆதாரமாக அகுஸ்தீனாருடைய சுயாதீன சித்த நூலையே எடுத்துக்காட்டினார். மானி மதத்தார்மேல் எறிந்த ஈட்டி, எறிந்தவரையே நோக்கித் திரும்பியது.

பெலாகியுஸின் சீஷரான செலெஸ்தியுஸ், 411-இல் கார்த்தேஜ் நகரத்துச் சபையார் முன் நிறுத்தப்பட்டபோது, ஆதாமின் பாவம் ஆதாமையே சேர்ந்தது, பிறந்த குழந்தை ஆதாம் பாவம் செய்யுமுன் இருந்த நிலையிலேயே இருக்கிறது என்பதைப் பற்றி விசாரிக்கப்பட்டார். சுயாதீன சித்தமே தீமைக்குக் காரணமென்ற விடையிலிருந்து இது நேராகப் பிறக்கும் முடிவுதானே? சித்தத்தை இன்னும் உபயோகிக்கவே இல்லாத குழந்தைக்குப் பாவமேது? அப்படியானால் தொட்டிக்கு ஏன் தூக்கிவருகிறீர்கள் என்று ஆப்பிரிக்கக் குருக்கள் கேட்டார்கள். ஆப்பிரிக்காவிலே அந்த வழக்கம் பழமையானது: 253-ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் மேற்றிராணியார் சிப்பிரியானும் 66 மேற்றிராணிமாரும் கூடி, பிறந்த எட்டாம் நாள்வரை காக்கவேண்டுவதில்லை, உடனே ஞானஸ்நானம் கொடுக்கலாம், குழந்தைக்கு மன்னிக்கப்படுவது அதன் சொந்தப் பாவமன்று, பிறனுடையது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். பாவமன்னிப்புக்கென்றே ஏற்பட்ட தேவத்திரவிய அனுமானம் ஒன்றைத் தாய்மார் குழந்தைகளுக்குக் கேட்டு ஓடிவருவதே, குழந்தைகளிடத்தும் மன்னிக்கப்படவேண்டியது ஒன்று உண்டென்பதற்குச் சாட்சி என்று அகுஸ்தீனார் வாதித்தார். சடங்கினின்று சித்தாந்தம் பிறந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் ‘சென்மப் பாவம்’ என்று சொல்லும் கோட்பாட்டுக்கு நிலையான உருவம் அமைந்தது இவ்விதமே.

அதற்கு ஒரு மொழிபெயர்ப்பும் துணைசெய்தது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்திலே, எல்லாரும் பாவஞ்செய்தமையால் மரணம் எல்லாருக்கும் வந்தது என்று கொள்ளத்தக்க கிரேக்கத் தொடரை, லத்தீன் மொழிபெயர்ப்பு, ஆதாமாகிய அவனுக்குள்ளே எல்லாரும் பாவஞ்செய்தார்கள் என்று வாசிக்கும்படி விட்டிருந்தது. பள்ளிப் பருவத்திலே கிரேக்கத்தை வெறுத்து அடிபட்டுப் படித்த அகுஸ்தீனார் லத்தீன் வாசகத்தையே நம்பினார். கிரேக்கம் பேசிய கீழைத் திருச்சபையோ, ஆதாமினால் மரணமும் பலவீனமும் வந்தன என்றதே தவிர, அவனுடைய குற்றமே குழந்தையின் குற்றமென்று கொள்ளவில்லை.

சித்தாந்தம் உறுதிப்பட உறுதிப்பட, அதன் அடியிலிருந்த வேதனையும் அதிகரித்தது. சுயாதீன சித்த நூலின் மூன்றாம் புத்தகத்திலே, குழந்தைகள் நோயால் துடிப்பதைப் பற்றி அவர் முன்னரே பேசியிருந்தார்: அத்துன்பம் பெற்றோரைத் திருத்தும், அக்குழந்தைகளுக்கு மறைவாகக் கடவுள் என்ன ஈடு வைத்திருக்கிறாரோ யாரறிவார் என்று ஆறுதல் சொல்லி நகர்ந்திருந்தார். 415-இல் பெத்லகேமிலிருந்த ஜெரோம் முனிவருக்கு எழுதிய நீண்ட கடிதத்திலே, அந்தப் பழைய பக்கத்தையே எடுத்துக்கொண்டு, ஞானஸ்நானம் பெறாமலே செத்துப்போகும் குழந்தைக்கு அந்த ஆறுதல் எட்டுவதில்லை என்று காட்டி, குழந்தைகளின் தண்டனையென்று வந்துவிட்டால் தமக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை, சொல்லிக்கொடும் என்று மன்றாடுகிறார். அறுபது வயதைக் கடந்தவர், மேற்றிசைத் திருச்சபையெங்கும் புகழ்பெற்றவர், இப்படி எழுதினார்.

ஆத்துமம் எங்கிருந்து வருகிறது என்பதில் அந்த முடிச்சின் முனை இருந்தது. ஆத்துமம் உடலோடு பெற்றோரிடமிருந்து வருமோ, ஒவ்வொரு குழந்தைக்கும் கடவுள் புதிதாகச் சிருஷ்டிப்பாரோ, முன்னமே இருந்து அனுப்பப்படுமோ, தானாக வந்து உடலில் விழுமோ என்னும் நான்கு பட்சங்களையும் அவர் நிறுத்துப் பார்த்தார். புதிதாகச் சிருஷ்டித்த ஆத்துமத்துக்குப் பழைய பாவம் எப்படி? முன்னே ஒரு வாழ்வில் செய்ததன் பலனென்றால் கணக்கு நேராகும். அலெக்சாந்திரியாவின் ஒரிஜன் அதற்கு அணுக்கமான கருத்தைச் சொல்லியுமிருந்தார். வினைப்பயனும் மறுபிறப்பும் தாய்ப்பாலோடு புகட்டப்பட்ட நமக்கு அது வெகு இயல்பான விடையாகத் தோன்றும். பதினேழாம் நூற்றாண்டில் மதுரையிலே தமிழ் கற்றுத் தமிழில் எழுதிய தத்துவபோதக சுவாமி மறுபிறப்பை மறுத்துத் தனி நூலே எழுதவேண்டியிருந்தமைக்கும் இதுவே காரணம். பிறக்குமுன் யாரும் நன்மையும் தீமையும் செய்யவில்லை என்ற வேதவாக்கியத்தால் அகுஸ்தீனார் அவ்வழியை அடைத்துவிட்டார். மற்றவற்றில் எது மெய்யென்று தமக்குத் தெரியாதென்று, தம் நூல்களனைத்தையும் மறுபார்வையிட்ட 427-ஆம் ஆண்டளவிலும் எழுதிவைத்தார்.

சாஸ்திரம் இப்படித் தத்தளிக்க, ஜனங்களோ தங்களுக்குத் தெரிந்த வழியில் போனார்கள். முன்பு உரையாடலிலே முதற்கேள்வி கேட்ட எவோதியுஸ் இப்போது உசாலிஸ் நகரத்து மேற்றிராணியார். அவ்வூரில் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த ஒரு பால்குடிப் பிள்ளையை, அதன் தாய் அர்ச். முடியப்பருடைய திருப்பண்டம் வைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டோடி அழுதாளென்றும், பிள்ளை கண்விழித்ததென்றும், ஞானஸ்நானம் பெற்றவுடன் மறுபடி இறந்ததென்றும், அவள் கலங்காத முகத்தோடு அதை அடக்கம் செய்தாளென்றும் அகுஸ்தீனார் ஒரு பிரசங்கத்தில் சொல்கிறார். வளர்ந்து முதிரட்டுமென்று மோனிக்கம்மாள் தள்ளிவைத்த காலம் போய், ஒரு நாழிகை தாமதித்தாலும் ஆபத்தென்று தாய்மார் ஓடும் காலம் வந்துவிட்டது. அவர்கள் காலைத் துரிதப்படுத்தியதில் அகுஸ்தீனாருடைய பேனாவுக்கும் பங்கு உண்டு.

வழக்கின் முடிவு ராஜாங்கத்தின் கையில் அமைந்தது. 415-இல் பாலஸ்தீனத்து தியோஸ்பொலிஸ் சங்கம் பெலாகியுஸை நிரபராதியென்றது; ஆப்பிரிக்கச் சங்கங்கள் விடவில்லை; பாப்பரசர் இன்னொசெந்து கண்டித்தார்; அவருக்குப் பின் வந்த சோசிமுஸ் முதலில் தயங்கினார்; 418 ஏப்ரல் 30-இல் ரவென்னா அரண்மனையிலிருந்து சக்கரவர்த்தி ஒனோரியுஸின் கட்டளை பிறந்து பெலாகியுஸையும் செலெஸ்தியுஸையும் உரோமாபுரியிலிருந்து துரத்தியது; மறுநாள் கார்த்தேஜ் சங்கம் கூடிச் சாபமிட்டது; சோசிமுஸும் இணங்கினார். இணங்காது பதவி இழந்த இத்தாலிய மேற்றிராணிமாரில் எக்லானும் நகரத்து ஜூலியான் ஒருவர். ஆப்பிரிக்கர்கள் எண்பதுக்கு மேற்பட்ட குதிரைகளைக் கொழுக்கவைத்து அரண்மனைக்கு அனுப்பி அக்கட்டளையை வாங்கினார்களென்று அவர் குற்றஞ்சாட்டினார். அதைவிடக் கூர்மையாக, குழந்தைகளை வதைக்கும் ஒருவரைக் கடவுளென்று நிறுத்துகிறீரே, இது நீர் விட்டுவந்த மானியின் மதமல்லவா என்று கேட்டார். இத்தகைய கேள்விகள் ஹத்ருமெத்து மடத்துத் துறவிகளையும் விட்டுவைக்கவில்லை: எல்லாம் இஷ்டப்பிரசாதமானால், குற்றஞ்செய்த எங்களைப் பெரியவர் ஏன் கடிந்துகொள்கிறார், எங்களுக்காக வேண்டிக்கொண்டால் போதாதா என்றார்கள் சிலர். அவர்களுக்காக அகுஸ்தீனார், சித்தமும் உண்டு பிரசாதமும் உண்டு, கடிந்துகொள்வதும் பிரசாதத்தின் ஒரு கருவியே என்று இரண்டு நூல்கள் எழுதி அனுப்பினார்.

429-இல் வாண்டல் கூட்டத்தார் கைசரிக்கின் தலைமையில் ஸ்பானியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கடந்து, ஊர்களை எரித்துக்கொண்டு கிழக்கே வந்து, 430-ஆம் ஆண்டுக் கோடையிலே ஹிப்போவைச் சூழ்ந்தார்கள். கடல்வழியும் அடைபட்டது. முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் காய்ச்சலாகப் படுத்த அகுஸ்தீனார், தாவீதின் மனஸ்தாப சங்கீதங்களை எழுதிச் சுவரிலே மாட்டச்செய்து, கண்ணீரோடு அவற்றைப் படித்துக்கொண்டே ஆகஸ்டு 28-இல் உயிர் துறந்தார். எழுதிவைக்கச் சொத்தில்லாமையால் அவர் மரணசாசனம் எழுதவில்லையென்றும், புத்தகசாலையைப் பத்திரமாகக் காக்கும்படி சொன்னாரென்றும் அருகிருந்த பொசிதியுஸ் குறித்திருக்கிறார். நகரம் பின்னர் எரிந்தது, புத்தகங்கள் பிழைத்தன. அவற்றில் ஜூலியானுக்கு எழுதிய கடைசி மறுமொழியும் ஒன்று: எதிரியின் எட்டுப் புத்தகங்களில் ஆறுக்கு விடை சொல்லும்வரை வந்து, அங்கே நின்றுவிட்டது.

குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் மாத்திரம் நிற்கவில்லை. 529-இல் ஆரஞ்சு நகரத்துச் சங்கம் இஷ்டப்பிரசாதமே முந்துவதென்று அகுஸ்தீனாருடைய பக்கம் தீர்ப்புச் சொல்லி, தீமைக்கென்றே கடவுள் சிலரை நியமித்தாரென்பதை அருவருப்போடு தள்ளியது. ஞானஸ்நானமில்லாக் குழந்தைகளுக்கு அவர் விதித்த மிக இலேசான தண்டனையையும் பொறுக்கமாட்டாத மத்தியகால ஆசிரியர்கள், நரகத்தின் விளிம்பிலே வேதனையில்லாத லிம்போ என்னும் ஓரிடத்தைக் கற்பித்தார்கள். பிள்ளை பிறந்தவுடன் மருத்துவச்சியே தண்ணீர் வார்த்துவிடும் ஏற்பாடும் நிலைத்தது. 2007-ஆம் ஆண்டிலே உரோமாபுரியின் சர்வதேச வேதசாஸ்திரக் குழுவினர், அக்குழந்தைகள் ஈடேற்றம் பெறுவார்களென்று நம்புவதற்குப் பலமான காரணங்கள் உண்டென்றும், ஆயினும் அது நம்பிக்கையே, நிச்சயமான அறிவன்று என்றும் எழுதினார்கள். ஜெரோமுக்கு எழுதிய கடிதத்துக்கும் அதற்கும் இடையில் ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. தெரியாதென்று சொன்ன இடத்திலேயே அவர்களும் நின்றார்கள், இரக்கத்தின் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு.